நாலாம் தூணடி இருக்கை

கெல்மூத்தில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கடலில் இருந்து ஒரு பனிப்புகை கிளம்பி வரும். முதலில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை விழுங்கும், அப்புறம் மீன்சந்தையை, மதியத்துக்குள் மேட்டின் மேல் நிற்கிற கதீட்ரல் கோபுரத்தையும் சேர்த்து. அப்படி ஒரு வியாழக்கிழமையில்தான் வில்ஃப் விழுந்தார்.

டெஸ்மண்ட் அப்போது கதீட்ரல் கூடத்து அடுப்படியில் மஞ்சள் டர்னிப் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். வியாழன்தோறும் மதியம் அங்கே சூப்பு ஊற்றுவார்கள். யார் என்ன என்று கேட்பதில்லை. வேலை போன துறைமுகத்து ஆட்கள், எரித்திரியாவில் இருந்து வந்து குடியிருப்புக் காகிதத்துக்குக் காத்துக் கிடப்பவர்கள், வீட்டில் தனியாய்ச் சாப்பிடப் பிடிக்காத வயசாளிகள், ஒரு காலத்தில் இழுவைப்படகில் எஞ்சின் ஆளாக இருந்து இப்போது பெண்ணாகிப் பூப்போட்ட சட்டையில் வருகிற ஜொஹானா என்று அறுபது பேருக்குக் குறையாது. பன்றித்தொடை எலும்பு போட்ட பார்லி சூப்பு ஒரு அண்டா, எலும்பு போடாதது ஒரு அண்டா. டெஸ் முப்பத்தாறு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அவர் நறுக்கினால் டர்னிப் துண்டுகள் அச்சில் வார்த்த நட்டுகள் மாதிரி ஒரே அளவாய் விழும்.

கேனன் பிலிப்பா அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். தலைமைக் குருவான டீனுக்கு அடுத்தபடியாக அந்தக் கோயிலைக் கவனித்துக்கொள்கிற குரு அவர். கழுத்துப்பட்டைக்கு மேலே முகம் வெளிறியிருந்தது. கூடத்தில் இருந்த யாரிடமும் பேசாமல் நேரே டெஸ்ஸிடம் வந்து, கத்தியைக் கீழே வைக்கச் சொன்னார். பாட்டறையில் சாயங்கால ஆராதனைக்கு நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த வில்ஃப் அப்படியே சரிந்துவிட்டார், வாய் ஒருபக்கமாய் இழுத்திருக்கிறது, ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது என்றார்.

டெஸ் ஏப்ரனோடு ஓடினார். எழுபத்தைந்து வயசில் ஓடுவதென்றால் எவ்வளவு ஓடமுடியுமோ அவ்வளவு. வண்டிக்குள் வில்ஃப் படுக்கவைக்கப்பட்டிருந்தார். ஒரு கண் மட்டும் டெஸ்ஸைத் தேடிப் பிடித்தது. வண்டியில் வந்தவள் சின்ன வயசுக்காரி, ஏறப்போனவரை மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நீங்க இவருக்குச் சொந்தமா?"

நாற்பத்தோரு வருஷத்துப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது. "இல்ல. நான் அவரு வீட்டுல குடியிருக்கவன்."

கதவு சாத்தப்பட்டது. வண்டி பனிப்புகைக்குள் போய்விட்டது. டெஸ் கோயில் படிக்கட்டில், கையில் டர்னிப் வாசனையோடு நின்றார். அப்புறம் பதினேழாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார். டிக்கெட் எடுக்கும்போதுதான் ஏப்ரனை அவிழ்க்கவில்லை என்பது தெரிந்தது.

வில்ஃப் அந்தக் கதீட்ரலில் கட்டைக்குரல் பாடகர். துறைமுக அலுவலகத்தில் கடல் ஏறி இறங்குகிற ஓத நேரம் கணக்குப் போடுகிற வேலை அவருக்கு. அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றும் பாட்டில் இருந்து ஓய்வு பெறவில்லை. இரண்டு பேரும் சந்தித்தது எண்பத்து மூன்றில், டிப்போவின் கிறிஸ்துமஸ் விருந்தில். ரோப்வாக் தெருவில் இருக்கிற வில்ஃபின் வீட்டு மாடியறைக்கு டெஸ் வாடகைக்கு வந்தார் என்று ஊருக்குச் சொன்னார்கள். எண்பத்தேழில் பாடகர் குழுவில் இருந்த ஒருத்தரை, குரல் சரியில்லை என்று காரணம் சொல்லி அப்போதைய டீன் அனுப்பிவிட்டார். குரலில் ஒரு கோளாறும் இல்லை, அவர் இன்னொரு ஆணோடு குடித்தனம் நடத்தினார் என்பதுதான் விஷயம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் ரோப்வாக் தெரு வீட்டில் சில ஒழுங்குகள் ஏற்பட்டன. கோயிலுக்கு ஒன்றாய்ப் போவதில்லை. வில்ஃப் முதலில் கிளம்புவார், பத்து நிமிஷம் கழித்து டெஸ். வில்ஃப் மேலே பாடகர் வரிசையில். டெஸ் கீழே, நாலாவது தூணையொட்டிய பெஞ்சின் ஓரத்தில். அங்கிருந்து பார்த்தால் பாடகர் வரிசையை மறைக்கிற மரத்தட்டியின் சித்திரவேலைக்கு நடுவே வில்ஃபின் இடதுகாதும் கன்னமும் தெரியும்.

அப்புறம் அந்த டீன் போனார், வேறு ஆட்கள் வந்தார்கள். பெண்கள் பீடத்தில் நின்று அப்பம் பிட்டார்கள். யாராக இருந்தாலும், யாரை நேசித்தாலும் உள்ளே வாருங்கள் என்று வாசலில் பலகை வைத்தார்கள். பூ அலங்காரம் செய்கிற இரண்டு பெண்கள் கைகோத்து வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். டெஸ் அவர்களைப் பிரசங்கம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து வில்ஃபிடம் ஒன்றும் சொல்லாமல் உருளைக்கிழங்கு உரிப்பார். காலம் மாறிவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கால் மாறவில்லை. வில்ஃப் பத்தரைக்குக் கிளம்பினால் டெஸ் கெட்டிலைத் துடைத்தே பத்து நிமிஷத்தைக் கழித்துவிட்டுப் பத்து நாற்பதுக்குக் கிளம்பினார்.

ஒன்றே ஒன்றைத்தான் அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வில்ஃப் தன் பக்கத்தில் உட்காரவேண்டும். ஒரே பாட்டுப்புத்தகத்தை இரண்டு பேரும் பிடித்துக்கொள்ளவேண்டும். வெளியே சொன்னால் அற்பமாய்த் தெரியும் என்பதால் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் வில்ஃபுக்கு வலதுகையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. டாக்டர் சொல்வது புரிகிறது, பதில்தான் வரவில்லை. டீ வேண்டுமா என்றால் வாயைத் திறப்பார், "ஞாயிறு" என்று வரும், தானே கேட்டுத் திகைத்து வாயை மூடிக்கொள்வார். தாளில் நெருங்கிய உறவு என்று இருந்த இடத்தில் அக்கா மார்ஜரியின் பெயர் இருந்தது. தெற்கே கடலோரத்தில், ரயிலில் ஏழு மணிநேரத் தூரத்தில் இருந்து அவள் வந்து இறங்கினாள். எண்பது வயசு, பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையாக இருந்தவள், புருஷன் இல்லை. வில்ஃபின் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு நேரே டாக்டரைப் பார்க்கப் போனாள். நாலாம் நாள் தன் ஊரில் தன் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பராமரிப்பு இல்லம் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். ஜன்னலில் கடல் தெரியுமாம். மே மாதம் முதல் வாரம் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அதை டெஸ்ஸிடம் சொன்னது ஆஸ்பத்திரி நடையில் வைத்து. நீங்கள் இவ்வளவு காலம் நல்ல துணையாக இருந்தீர்கள், வீட்டை உடனே காலி பண்ணவேண்டும் என்றில்லை, மெதுவாய்ப் பாருங்கள் என்று ஆதரவாகத்தான் சொன்னாள். டெஸ் தலையை ஆட்டினார்.

அடுத்த வியாழன் சூப்பில் உப்பு தூக்கலாகிப்போனது. அடுப்படியில் கூட நிற்கிற கிளெனிஸ் அகப்பையில் எடுத்து ருசி பார்த்தாள். டிப்போவில் கண்டக்டராக இருந்தவள், பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த குரல். அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினாள்.

"ராசா, ரெண்டு தரம் உப்பு போட்டுட்ட."

"அப்படியா."

"மூணு தரங்கூட இருக்கும்." அவள் தண்ணீர் ஊற்றிக் கிண்டினாள். "அந்த அக்காக்காரி கிட்ட சொன்னியா?"

"என்னத்தச் சொல்ல?"

கிளெனிஸ் அகப்பையை வைத்தாள். "இந்தா பாரு டெஸ். நான் உன்கூட இருபது வருஷம் ஒரே டிப்போல டீ குடிச்சவ. உன் சாப்பாட்டு டப்பாவும் என் பஸ்ஸுல அவரு திறந்து தின்ன டப்பாவும் ஒரே மாதிரி வெட்டுன சாண்ட்விச்சு. குடியிருக்கவனுக்கு எந்த வீட்டுக்காரன்யா முட்டை அவிச்சு ஓட்ட உரிச்சு வைப்பான்? எனக்குத் தெரியும், கேனனம்மாவுக்குத் தெரியும், அந்தா வாசல்ல ரொட்டிக்கு நிக்காளே ஜொஹானா, அவளுக்கும் தெரியும். சொல்லாதவன் நீ ஒருத்தன்தான்."

டெஸ் பார்லி கழுவின தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவதிலேயே கண்ணாக இருந்தார்.

சனிக்கிழமை மார்ஜரி ரோப்வாக் தெரு வீட்டுக்கு வந்தாள், தம்பியின் துணிமணிகளை எடுத்துவைக்க. டெஸ் டீ போட்டார், பட்டாணிக் களியும் பன்றித்தொடை ஹாமும் வைத்து ரொட்டி வெட்டினார். அவள் மாடிக்குப் போனாள். மேலே அலமாரி திறக்கிற சத்தம், இழுப்பறை இழுக்கிற சத்தம். அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. இறங்கி வந்தவள் கையில் ஒன்றும் இல்லை. மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கையுறையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

டெஸ் ரொட்டித்தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். சொல்லிவிடலாம் என்று அவர் முடிவு செய்யவில்லை. முடிவு செய்ய நேரம் இல்லாமல் வந்துவிட்டது.

"மார்ஜரி, அவர நீங்க கூட்டிட்டுப் போகக்கூடாது."

"ஏன்?"

"நான் குடியிருக்கவன் இல்ல. ஒருநாளும் நான் குடியிருக்கவனா இருந்ததில்ல."

டெஸ் மேஜையைப் பார்த்தபடி மிச்சத்தையும் சொன்னார். எண்பத்து மூன்றில் இருந்து, என்றார். நான் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது, எனக்கும் வராது, என்றார். அவர் விழுந்த நாளில் இருந்து நாற்காலியில்தான் தூங்குகிறேன், என்றார்.

மார்ஜரி டீயில் பால் ஊற்றினாள். கலக்கினாள். குடிக்கவில்லை.

"நான் இந்த வீட்டுக்கு எத்தன தடவ வந்திருப்பேன்?" என்று கேட்டாள்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவ."

"எம்பது தடவ வச்சுக்க. வாரப்பல்லாம் எனக்கு வில்ஃப் கட்டில், உனக்கு உன் கட்டில், வில்ஃபுக்கு சோபா. ஆறடி ரெண்டங்குலம் ஒசரம் எந்தம்பி. முதுகுவலிக்காரன். காலு வெளிய தொங்கும். காலைல எந்திரிச்சு வந்து, அருமையாத் தூங்கினேன்கான். எம்பது தடவ எந்தம்பிய சோபால படுக்க வச்சீங்களே, ரெண்டு பேரும் சேந்து. எனக்காக."

டெஸ் நிமிர்ந்தார். அவள் 'நீங்க'வை விட்டு 'நீ'க்கு வந்திருந்தது அப்போதுதான் உறைத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"உன் கட்டில்ல விரிப்பு மடிப்புக் கலையாம இருக்கு. ஒருத்தரும் படுக்காத, தேய்ச்ச மடிப்பு. ஆரம்பத்துலயே பாத்தேன், இப்பவும் போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன்." அவள் கண் சிவந்திருந்தது, ஆனால் குரல் வகுப்பறைக் குரலாகத்தான் இருந்தது. "வீட்டுக்காரரு, வீட்டுக்காரருன்னு என்கிட்ட சொல்லுவ அவன. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், வீட்டுக்காரரு கச்சேரிக்குப் போயிருக்காரு. பொய்யும் சொல்லல, நெசமும் சொல்லல. நானாக் கேக்கணும்னு அவன் இருந்தான். அவனாச் சொல்லணும்னு நான் இருந்தேன். எங்க அம்மா அப்பாவும் இப்படித்தான், ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டே செத்தாங்க."

"சொல்லியிருக்கணும்," என்றார் டெஸ்.

"ஆமா. சொல்லியிருக்கணும். எனக்கு வேற யாரு இருக்கா?" ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தாள். மென்று முடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள். "நான் அந்த இல்லத்துக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லுதேன். ஆனா இங்க படி இருக்கு, குளியலறை மேல இருக்கு. அதுக்கு என்ன பண்ணப்போற?"

அன்று சாயங்காலம் வரை அவர்கள் அளவுகோலும் பென்சிலுமாய் வீட்டை அளந்தார்கள். முன்னறை படுக்கையறையாகும், சோபா வெளியே போகும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

மே மாதத்தில் வில்ஃப் வீட்டுக்கு வந்தார், சக்கர நாற்காலியில். காலையில் ஒரு தாதி வருவாள். மற்றதெல்லாம் டெஸ்தான். துடைக்க, உடுத்த, ஸ்பூனில் ஊட்ட, வலதுகை விரல்களை ஒவ்வொன்றாய் நீட்டி மடக்க. எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கைக்கு அந்த வேலை பொறுமையாகவே வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. வில்ஃப் முயன்றுபார்த்து, வேறு சொல் வந்து, இடதுகையால் நாற்காலியின் கைப்பிடியில் குத்துவார். பிறகு முயற்சியையே விட்டுவிட்டார். வீடு அமைதியாகிப்போனது. அந்த வீட்டில் ஓயாமல் பேசுகிறவர் வில்ஃபாகத்தான் இருந்தார்.

ஒருநாள் டெஸ் வெங்காயம் அரிந்தபடி வேதப்புத்தகத்துச் சங்கீதம் ஒன்றை முனகிக்கொண்டிருந்தார். அவருக்குப் பாட்டு சுத்தமாய் வராது. ஏறவேண்டிய இடத்தில் இறங்குவார். முன்பெல்லாம் வில்ஃப் பக்கத்து அறையில் இருந்தே, அந்தப் பூனையை வெளியே விடு என்பார். இப்போது டெஸ் மூன்றாம் முறையும் அதே இடத்தில் தப்புப் பண்ணியபோது முன்னறையில் இருந்து ஒரு குரல் எழுந்தது. கட்டைக்குரல், கொஞ்சம் கரகரத்து, ஆனால் சொல் பிசகாமல், அந்த வசனம் முழுவதையும் சரியான ராகத்தில் பாடி முடித்தது.

டெஸ் கத்தியோடு வாசற்படியில் போய் நின்றார். வில்ஃப் அவரைவிட அதிகமாய்த் திகைத்துப்போயிருந்தார். வாயைத் திறந்து ஏதோ சொல்லப்பார்த்தார், "ஞாயிறு" என்றுதான் வந்தது. டெஸ் வேண்டுமென்றே அடுத்த வசனத்தையும் தப்பாய்ப் பாடினார். வில்ஃப் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் சரிப்படுத்தினார். வெங்காயம் அரிபடவே இல்லை. மூன்று சங்கீதம் போனது.

பேசுகிற இடம் வேறு, பாட்டு உட்கார்ந்திருக்கிற இடம் வேறு, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று தாதி மறுநாள் விளக்கினாள்.

ஜூனில் கேனன் பிலிப்பா வீட்டுக்கு வந்தார். இப்போதெல்லாம் வழக்கமான ஆராதனைக்கு நடுவிலேயே இப்படிப்பட்ட இரண்டு பேருக்காக ஜெபிக்க அனுமதி இருக்கிறது, கல்யாணம் என்று சொல்லமுடியாது, அந்தச் சண்டை இன்னும் திருச்சபை மேலிடத்தில் நடந்துகொண்டிருக்கிறது, ஆனால் உங்களை முன்னால் நிறுத்தி இரண்டு பேர் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம், விருப்பமா என்று கேட்டார். கேட்டது இருவரையும். டெஸ் வில்ஃபைப் பார்த்தார். வில்ஃப் இடதுகையை நீட்டி டெஸ்ஸின் சட்டைக் கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டார்.

ஜெபத்துக்குக் குறித்த ஞாயிற்றுக்கிழமை மார்ஜரி தொப்பி வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாள். கிளெனிஸ் சூப்பு ஆட்களில் பாதிப்பேரைக் கூட்டிவந்திருந்தாள். பத்து நிமிஷ இடைவெளி இல்லாமல், ரோப்வாக் தெரு நெடுக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு டெஸ் மேட்டில் ஏறினார். மூச்சு வாங்கியது. யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கத் தோன்றி, பார்க்காமல் வந்தார். ஜெபம் இரண்டு நிமிஷம்கூட இருக்காது. வில்ஃப்ரெட், டெஸ்மண்ட் என்று அந்தக் கல்மண்டபத்தில் இரண்டு பெயரும் ஒரே மூச்சில் ஒலித்தன. சபை ஆமென் சொன்னது, வழக்கமாய்ச் சொல்கிற மாதிரியே. அந்த வழக்கம்தான் டெஸ்ஸைக் கலங்கடித்தது.

அப்புறம் நாலாவது தூணடிக்கு வந்தார்கள். நாற்காலியைப் பெஞ்சின் ஓரத்தில் ஒட்டவைத்து டெஸ் உட்கார்ந்தார். பாட்டுப்புத்தகத்தைப் பிரித்தார். வில்ஃப் இடதுகையால் ஒரு பக்கம் பிடித்தார், டெஸ் மறுபக்கம். தோளோடு தோள் பட்டது. நாற்பத்தோரு வருஷம் கேட்டது கிடைத்துவிட்டது. டெஸ் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு எழுத்தும் தெரியவில்லை.

பாட்டு முடிந்து பாடகர் குழு தனியாய் ஒன்றைப் பாடத் தொடங்கியது. வில்ஃபின் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதை டெஸ் பார்த்தார். தன்னைப்போல அவரும் சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து முழங்காலில் தட்டிக்கொடுத்தார். ஆனால் வில்ஃப் அவர் பக்கம் திரும்பவில்லை. மரத்தட்டியின் சந்து வழியே மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கட்டைக்குரல் வரிசையில் வில்ஃப் நின்ற மூன்றாவது இடத்தில் புதிதாய் ஒரு தாடிக்காரர் நின்று பாடிக்கொண்டிருந்தார். வில்ஃபின் இடதுகை தொடைமேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வாய் திறந்து மூடிக்கொண்டது. கீழே உட்கார்ந்து பாடகர்களோடு பாடுவது முறையல்ல என்று, நாற்பது வருஷம் அவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

டெஸ் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி மூன்று ஞாயிறு இருந்தார். மூன்று ஞாயிறும் தோள் பட்டுக்கொண்டுதான் இருந்தது. மூன்று ஞாயிறும் வில்ஃப் மேலேதான் பார்த்தார்.

நாலாவது வாரம் வியாழக்கிழமை, அண்டா கழுவும்போது கிளெனிஸிடம் சொன்னார்.

"அவருக்கு அங்க போகணும்."

"எங்க?"

"மேல. அவரு எடத்துக்கு."

"உனக்கு?"

டெஸ் அண்டாவின் அடியைச் சுரண்டினார். "எனக்கு அவரு பக்கத்துல உக்காரணும். நாப்பத்தோரு வருஷமா அதுதான். கெடைச்சு ஒரு மாசங்கூட ஆகல."

"அப்ப உக்காந்துக்க. யாரு எந்திரிக்கச் சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லல. அதான் கஷ்டமா இருக்கு."

கிளெனிஸ் ஈரத்துணியை அவர் தோளில் போட்டுவிட்டு, மற்ற அண்டாவைத் தானே கழுவினாள்.

பாடகர் குழுத் தலைவர் கறாரான ஆள். வில்ஃபைக் கேட்டதும் முதலில் தயங்கினார். ஞாயிறு ஆராதனைக்கு முடியாது, வியாழக்கிழமை சாயங்கால ஜெபத்துக்கு வேண்டுமானால் வரட்டும், சங்கீதம் மட்டும் பாடட்டும், பிசகினால் பிசகட்டும் என்றார். ஆனால் பாடகர் வரிசைக்கு இரண்டு படி ஏறவேண்டும், நாற்காலி எப்படி ஏறும் என்று கேட்டார். அதை என்னிடம் விடுங்கள் என்றார் டெஸ்.

பழைய டிப்போவில் இருந்து ஒதுக்கிப்போட்ட பலகை இரண்டு கொண்டுவந்தார். பின்கட்டில் வைத்து இழைத்தார், சரிவை மூன்று முறை அளந்தார், கீழே வழுக்காமல் இருக்க பஸ் தரையில் போடுகிற ரப்பரை வெட்டி ஒட்டினார். கோயில் கல்லில் கீறல் விழக்கூடாது என்று விளிம்பில் கம்பளித்துணி சுற்றினார். ஒரு வாரம் அந்த வேலை. வில்ஃப் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வேலை என்று டெஸ் சொல்லவில்லை. கடைசி நாள் பாட்டறையில் இருந்து வாங்கிவந்த கறுப்பு அங்கியை மடியில் வைத்ததும் வில்ஃப் அதைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், அப்புறம் வெகுநேரம் டெஸ்ஸைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. டெஸ் அவர் வாயைத் துடைத்துவிட்டு, போதும், நேரமாச்சு என்றார்.

அந்த வியாழன் சாயங்காலம் வெயில் இருந்தது. மேற்கு ஜன்னல் வழியே தூண்களில் செம்மஞ்சளாய் விழுந்தது. கீழே இருபது பேர் இருந்தால் அதிகம். சுற்றிப்பார்க்க வந்த சிலர், கிளெனிஸ், வேலை முடித்த அலுப்போடு கண்ணை மூடியிருந்த ஒரு நர்ஸ். டெஸ் பலகையைப் பொருத்தி நாற்காலியை ஏற்றினார். தாடிக்காரர் ஒரு அடி தள்ளி இடம் விட்டார். டெஸ் சக்கரத்துக்குப் பூட்டுப்போட்டார், அங்கியின் மடிப்பைச் சரிசெய்தார், நோட்டை மடியில் வைத்தார். பிறகு இறங்கி, நீளநெடுக நடந்து, நாலாவது தூணடியில் போய் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தில் தொப்பியை வைத்தார்.

சங்கீதம் தொடங்கியது. இருபது குரலும் ஒரே குரலாய் எழுந்து கூரையில் போய்த் திரும்பியது. டெஸ் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அந்தக் கூட்டத்துக்குள் வில்ஃபின் குரல் எது என்று அவருக்குத் தெரிந்ததில்லை. இன்றைக்கு நான் எப்படி என்று வில்ஃப் கேட்பார், அருமையா இருந்தது, உன் குரல் தனியாக் கேட்டது என்று டெஸ் சொல்வார். சங்கீதக் காது இல்லாதவனுக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

முதல் வசனம் முடிந்தது. எல்லாரும் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு, அரைத் தாளம் பிந்தி, கரகரத்த ஒரு கட்டைக்குரல் அந்தக் கடைசிச் சொல்லைக் கொண்டுவந்து இறக்கிவைத்தது. இரண்டாம் வசனத்திலும் அப்படியே. மற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்ட இடத்துக்கு அது தனியாய், அவசரப்படாமல் வந்துசேர்ந்தது. முன்வரிசையில் சுற்றுலாக்காரர் ஒருவர் தலையைத் தூக்கி யார் என்று பார்த்தார்.

டெஸ் தூணில் சாய்ந்துகொண்டார். மூன்றாம் வசனத்துக்கும், அதன் கடைசியில் வரப்போகிற அந்த ஒரு சொல்லுக்கும் காத்திருந்தார்.